யாருடைய கையால் தண்ணீர்

இல்லை, நாற்றம் இருக்கவில்லை. அதைச் சொல்லித்தான் எல்லோரிடமும் அந்த இடத்தைப் புகழ்ந்தேன்.

உங்கள் மூக்குப்பேணி இப்போது என் மேசையில் இருக்கிறது. போன சனிக்கிழமை கொழும்புத்துறை இல்லத்திலிருந்து எடுத்து வந்தேன். புளி போட்டுத் தேய்த்தும் பித்தளையிலிருந்து அந்தக் கிருமிநாசினி மணம் போகவில்லை. பேணியின் மூக்குக் குழாய் வழியாக ஊதிப் பார்த்தேன். அடைப்பு ஒன்றுமில்லை.

கீரிமலையில் உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்துவிட்டது, ஐயா. இனி மகள் உங்களோடு கோபித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

பெரியாஸ்பத்திரியில் "இனி வீட்டை கொண்டு போங்கோ" என்றார்கள். வீடு எது? அம்மா போய் வருடங்கள் ஆகிவிட்டன. நெல்லியடியில் அண்ணையின் வீடு சிறியது. அண்ணியின் கையில் குழந்தை. நான் உடுவிலில் படிப்பித்துக்கொண்டு ஒரு வாடகை அறையில் இருந்தேன். மிஞ்சியது அந்த இல்லம். வைத்தியர்கள் கைவிட்டவர்களைக் கடைசிவரை வைத்துப் பார்க்கும் இடம். நகரத்துப் பெரியவர்கள் சிலர் சேர்ந்து நடத்தினார்கள். விசாரித்த இடமெல்லாம் நல்ல இடம் என்றே சொன்னார்கள்.

பிறர் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளாதே என்று பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கற்பித்திருந்தார்கள். நானே போய்ப் பார்த்தேன். விரிப்பை உயர்த்திப் பார்த்தேன். கட்டிலில் கிடந்த ஒரு கிழவரின் குதிக்காலைப் பார்த்தேன். புண் இல்லை. நகம் வெட்டியிருந்தது. வேலை செய்யும் பெண்கள் எல்லோரையும் 'நீங்கள்' என்றே கதைத்தார்கள். குசினியில் கஞ்சி கொதித்தது. யன்னலுக்கு வெளியே கடலேரி. கடைசியாக, மூச்சை ஆழ இழுத்தேன்.

இல்லத்துக்குப் பொறுப்பான அம்மாவை எல்லோரும் மேற்றன் என்றே அழைத்தார்கள். அவர் பார்த்துச் சிரித்தார்.

"என்ன பிள்ளை, மோந்து பாக்கிறீரோ? பாரும், பாரும். இஞ்சை வாற எல்லாரும் அதைத்தான் செய்யிறவை."

அங்கேயே விடுவது என்று முடிவு செய்தேன்.

உங்களைக் காரிலிருந்து இறக்கியபோது இரண்டு பெண்கள் தாங்கிப் பிடித்தார்கள். ஒருத்தி அன்னலட்சுமியக்கா, நரைத்தவர். மற்றவள் பாக்கியம். என் வயதுதான் இருக்கும். கட்டிலில் சாய்ந்ததும், மூச்சு வாங்கிக்கொண்டே, பாக்கியத்திடம் கேட்டீர்கள்:

"எந்த ஊர் பிள்ளை?"

நெல்லியடிக்குப் பக்கத்தில் ஒரு குறிச்சியின் பெயரைச் சொன்னாள்.

"ஆற்றை மகள்?"

தகப்பனின் பெயரைச் சொன்னாள். "ஓ" என்றீர்கள்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த நிலையிலும் ஒரு வேலைக்காரப் பெண்ணின் ஊரையும் தகப்பனையும் விசாரிக்கிறாரே என்று. கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராய் இருந்தபோது வருகிறவர் போகிறவர் எல்லோரையும் அப்படித்தானே விசாரிப்பீர்கள். யன்னலருகே போய்க் கடலேரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு வெளியே நடந்தேன். நீங்களும் அண்ணையும் மேற்றனும் உள்ளே கதைத்துக்கொண்டிருந்தீர்கள்.

சங்கக்கடை.

சந்தித் தேத்தண்ணிக்கடையில் சிலருக்குக் கிளாஸிலும் சிலருக்கு வெறும் போத்தலிலும் தேநீர் கொடுத்த காலம். நீங்கள் சங்கக்கடை முகப்பில், தராசுக்குப் பக்கத்தில், ஒரு மண்பானை வைத்தீர்கள். பானைமேல் ஒரு தகரப்பேணி. எல்லோருக்கும் அது ஒன்றுதான். வேட்டி மடிப்புக் கலையாத ஒருவர் பங்கீட்டுக் கூப்பனோடு வரிசையில் நின்றபடி கேட்டார்:

"மனேச்சர், உந்தப் பேணியிலை ஆர் ஆர் குடிச்சவை?"

நீங்கள் சீனிச் சாக்குக்குப் பின்னால் இருந்த என்னைக் கூப்பிட்டீர்கள்.

"இஞ்சை வா மோனை. தண்ணி குடி."

குடித்தேன். தண்ணீரில் தகரத்தின் சுவை. வரிசை முழுவதும் என் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது. "வரிசையிலை நிண்டால் எல்லாரும் ஒரு கூப்பன்தான்" என்றீர்கள். பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்த மனிதர் மண்ணெண்ணெய்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு நம்முடைய சொந்தக்காரர் சிலர் நம் வீட்டு விசேஷங்களுக்கு வரவில்லை. அம்மா அழுதா. நீங்கள் அசையவில்லை.

இந்தக் கதையைப் பேராதனையில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். விடுதிப் படிக்கட்டில், ஆற்றங்கரையில், ஒருவனை விரும்பப் போகிறேன் என்று தெரிந்த அன்று அவனிடம். நான் யார் என்று சொல்ல என்னிடம் அந்த ஒரு கதைதான் இருந்தது.

இல்லத்துக்குப் பின்னேரங்களில் வந்தேன். பாடசாலை விட்டு, பஸ் மாறி, விளக்கு வைக்கும் நேரத்தில். நீங்கள் சுத்தமாக இருந்தீர்கள். முதுகில் பவுடர். விரிப்பு உலர்ந்திருந்தது. உதடு மட்டும் வெடித்திருந்தது. வருத்தம், அந்த வயிற்று நோய், அப்படி என்று நினைத்தேன். அன்னலட்சுமியக்கா மூக்குப்பேணியில் தேநீர் கொண்டு வருவா. நீங்கள் அவசரமாக, நெஞ்சில் சிந்தக் குடிப்பீர்கள். "ஐயா நல்லாக் குடிக்கிறார்" என்று அண்ணைக்குச் சொன்னேன். அவர் பேச்சை மாற்றினார்.

ஒரு நாள் பாடசாலை மத்தியானத்தோடு விட்டுவிட்டது. நேரே வந்தேன். வெயில். பாக்கியம் செம்போடு கட்டில் கட்டிலாகப் போய்க்கொண்டிருந்தாள். ஒருவரின் தலையைத் தூக்கிப் பிடித்துப் பருக்கினாள். துடைத்துவிட்டாள். ஏதோ பகிடி சொன்னாள், அவர் சிரித்தார். அடுத்தது உங்கள் கட்டில். அவள் நிற்கவில்லை. உங்களைப் பார்க்கவுமில்லை. நீங்கள் நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டு முகட்டைப் பார்த்தீர்கள்.

"தண்ணி வேணுமோ ஐயா?"

மூக்குப்பேணியில் ஊற்றி வாயில் வைத்தேன். முழுவதும் குடித்தீர்கள். இன்னொரு தரம் ஊற்றினேன். அதுவும் முடிந்தது.

"இவ்வளவு விடாய்க்குது. ஏன் கேக்கேல்லை?"

"அன்னலட்சுமி பின்னேரம் வருவா."

"பாக்கியம் இதிலைதானே நிக்கிறா."

சுவர்ப் பக்கம் திரும்பினீர்கள்.

பாக்கியத்திடம் போனேன். "என்னைக் கேக்காதேங்கோ. மேற்றனைக் கேளுங்கோ. நான் சம்பளத்துக்கு நிக்கிறனான்" என்று செம்பைக் கவிழ்த்தாள்.

மேற்றன் சங்கடப்படவில்லை. அதுதான் என்னைத் தடுமாற வைத்தது. பெருமையாகவே சொன்னார்.

"இஞ்சை அவரவர் வீட்டு முறைதான் பிள்ளை. ஆர் சமைச்சதைச் சாப்பிடுவினம், ஆற்றை கையாலை தண்ணி குடிப்பினம், எல்லாம் கேட்டறிஞ்சுதான் செய்யிறம். சாகப் போற மனிசரோடை நாங்கள் வாதாடுறேல்லை. அதாலைதான் சனம் எங்களை நம்பித் தாய் தேப்பனைக் கொண்டு வந்து விடுகுது."

"எங்கடை ஐயாவுக்கு அப்பிடி ஒரு முறையும் இல்லை."

"உங்கடை பக்கத்தாலை சொன்னதைத்தான் செய்யிறம். அதுக்கு மேலை என்னட்டைக் கேக்காதையும்."

அந்த இல்லத்தின் நல்ல பெயர் எங்கிருந்து வந்தது என்று அப்போது விளங்கியது. புண்ணைத் தேடினேன். நகத்தைப் பார்த்தேன். மோந்து பார்த்தேன். நம்மைப் போன்றவர்களின் வீட்டில் யாருடைய கையால் தண்ணீர் என்ற கேள்விக்கு இடமே இல்லை என்று நம்பியிருந்தபடியால் அதைக் கேட்கவில்லை.

நம் பக்கம் என்றால் அண்ணை. வேறு யார்? மேற்றனோடு உள்ளே நின்று கதைத்தவர் அவர். ஞாயிற்றுக்கிழமை அவர் தோடம்பழத்தோடு வந்தபோது வெளி வேம்பின் கீழே மறித்தேன்.

"பாக்கியம் ஐயாவுக்குத் தண்ணி குடுக்கக்கூடாதெண்டு நீங்களோ சொன்னனீங்கள்?"

அவர் தோடம்பழப் பையைக் கை மாற்றிக்கொண்டார்.

"ஓம். நான்தான். அதுக்கென்ன இப்ப?"

"ஐயாவின்ரை பிள்ளை எண்டு சொல்ல உங்களுக்கு வெக்கமா இல்லையோ?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை அன்று வெறுத்தேன். "ஓம், ஐயாவின்ரை பிள்ளைதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அதற்குப் பிறகு அவரோடு நான் கதைக்கவில்லை. உங்கள் செத்தவீட்டிலும் கதைக்கவில்லை.

பாடசாலைக்கு லீவு போட்டேன். பகல் முழுவதும் உங்கள் கட்டிலருகே இருந்து தண்ணீர் தந்தேன். முதல் நாள் உங்கள் காதருகே குனிந்து சொன்னேன்: "அண்ணை மேற்றனுக்குச் சொன்னது எனக்குத் தெரியும் ஐயா. நான் ஏசிப்போட்டன். இனி அவரோடை கதைக்க மாட்டன்." நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். நினைவு தெளிவாக இருந்தது. நான் தந்த தண்ணீரை விழுங்கினீர்கள்.

"நல்லது மோனை" என்றீர்கள்.

நல்லது.

ஒரு காலையில், கடலேரியில் நீர் வற்றிக் கிடந்தபோது, போய்விட்டீர்கள்.

போன சனிக்கிழமை உங்கள் சாமான்களை எடுக்கப் போனேன். பாக்கியம்தான் நீங்கள் உடுக்கும் சாரம் ஒன்றில் சுற்றிக் கொண்டுவந்து தந்தாள். மூக்குப்பேணி, கண்ணாடி, வேட்டி. போகுமுன் அவளிடம் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸிலேயே வசனம் கட்டிக்கொண்டு வந்திருந்தேன்.

"எங்கடை அண்ணை உங்களைப் பற்றி அப்பிடிச் சொன்னதுக்கு..."

"ஆர், உங்கடை அண்ணையோ?" அவள் சிரித்துவிட்டாள். "நல்ல கதை. அந்த மனிசன் குசினிக்கை வந்து நிண்டு, மனசிலை வைக்காதையும் தங்கச்சி, அவர் வருத்தக்காரன் எண்டு என்னட்டைக் கெஞ்சினவர். வருத்தம் வயித்திலை தானே அண்ணை, மண்டைக்கை இல்லையே எண்டு கேட்டன்."

"அப்ப ஆர் சொன்னது?"

"தெரியாதோ உங்களுக்கு?" சிரிப்பை நிறுத்தினாள். "ஐயாதான். வந்த அண்டைக்கே. என்னை ஆற்றை மகள் எண்டு கேக்கேக்கை நீங்களும் நிண்டனீங்கள் தானே. நீங்கள் வெளியிலை போன பிறகு மேற்றனைக் கூப்பிட்டு, உந்தப் பெட்டையின்ரை கையாலை எனக்கொண்டும் வேண்டாம் எண்டவர். உங்கடை அண்ணை, சும்மா இருங்கோ ஐயா எண்டு சொல்லிப் பாத்தவர். கேக்கேல்லை. பிறகு அண்ணைக்குச் சொன்னவர், தங்கச்சிக்குச் சொல்லிப்போடாதை எண்டு."

"நீங்கள் கேட்டுக்கொண்டு நிண்டனீங்களோ?"

"கால்மாட்டிலைதான் நிண்டனான். உங்கடை ஐயாவுக்குப் போர்வை போத்திக்கொண்டு."

சாரத்தை நன்றாக முடிந்து என் கையில் தந்தாள். "அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கோ. பிறகு வெயில்" என்றாள்.

ஐயா, அந்தப் பானையை நினைத்துப் பார்க்கிறேன். அதில் நீங்கள் குடித்ததை நான் கண்டிருக்கிறேனா? என்னைக் குடிக்கச் சொன்னது நினைவிருக்கிறது. என் தொண்டை நினைவிருக்கிறது. உங்கள் தொண்டை நினைவில் இல்லை. உங்களுக்கு வீட்டிலிருந்து தேநீர் வரும், சுடுதண்ணிப் போத்தலில். அது உங்கள் மேசைக்குக் கீழே இருக்கும். ஒருவேளை நான் பாடசாலையில் இருந்த நேரங்களில் குடித்திருப்பீர்கள். ஒருவேளை அந்த நாட்களில் நீங்கள் உண்மையாகவே அந்த மனிதராக இருந்து, பிறகு எங்கோ, நான் பேராதனையில் உங்கள் கதையைச் சொல்லிக்கொண்டிருந்த வருடங்களில், மெதுவாகத் திரும்பி நடந்திருப்பீர்கள். கேட்பதற்கு நீங்கள் இல்லை.

சாவு வருகிறபோது மனிதர் பயந்து பழைய இடத்துக்கே ஓடிவிடுவார்கள் என்று ஒரு நண்பி ஆறுதல் சொன்னாள். இருக்கலாம். ஆனால் நீங்கள் பயந்து உளறவில்லை. 'தங்கச்சிக்குச் சொல்லிப்போடாதை' என்று யோசித்துச் சொல்லியிருக்கிறீர்கள். உங்களுக்கு வெட்கம் இருந்திருக்கிறது. அந்த வெட்கம் எனக்கு முன்னால் மட்டும்தான். போர்வை போர்த்திவிட்டவளுக்கு முன்னால் இல்லை. உங்கள் மகனை நான் ஏசியதாகச் சொன்னபோதும் அது வாய் திறக்கவில்லை. நல்லது என்றது.

அந்த இல்லத்தை இப்போது எப்படி மதிப்பிடுவது என்றும் எனக்குத் தெரியவில்லை. நீங்கள் கேட்டதைக் கேட்டபடி செய்தார்கள். இறப்பவர் ஒருவருக்கு வேறென்ன செய்ய வேண்டும் என்று மேற்றன் கேட்கக்கூடும். ஆனால் நீங்கள் கேட்டதைச் செய்வதற்காக ஒரு பெண்ணை ஒவ்வொரு மத்தியானமும் செம்போடு உங்கள் கட்டிலைத் தாண்டி நடக்க வைத்தார்கள். பார்க்க வருகிறவர்கள் யாரும் அதைப் பார்ப்பதில்லை.

என்னிடம் மிஞ்சியிருப்பது நீங்கள் விழுங்கிய சத்தம். இரண்டு தரம் ஊற்றியதும், நிறுத்தாமல். அவ்வளவு விடாயை வாய்க்குள் வைத்துக்கொண்டு அவள் கடந்து போகும்வரை முகட்டைப் பார்த்த அந்தப் பிடிவாதம். அன்று அதைக் கண்டு உங்களுக்காக அழுதேன். அந்த அழுகையை எங்கே வைப்பது என்று இன்னும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நெல்லியடிக்குப் போனேன். அண்ணை முற்றத்தில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பம்பைக் கீழே வைத்தார். பாக்கியம் சொன்னதைச் சொன்னேன். ஏன் எனக்கு முதலே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா நீ அவருக்குத் தண்ணி குடுத்திருப்பியோ?" என்று கேட்டார்.

அண்ணையிடம் மன்னிப்புக் கேட்க நான் வசனம் ஒன்றும் கட்டிக்கொண்டு போகவில்லை. உள்ளே அண்ணி அடுப்படியில் நின்றா. கதவடியில் குழந்தையின் துணிகள் கூடையில் கிடந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்த் தோய்த்தேன்.