பிரென்ரிஸ் மாளிகையில் அப்பா சொன்ன பெருமை

ஸ்காபரோ
கார்த்திகை, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கஜனிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். முதல் வரியில் அப்படித்தான் எழுதவேண்டும் என்பதால் எழுதுகிறேன், மிச்சத்தை வாசித்துவிட்டு நீயே தீர்மானித்துக்கொள். உன்னையும் லெஸ்லியையும் முருகன் நோய் நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். உங்கள் ஜோர்ஜியாவிலிருந்து திரும்பிய நாள் முதல் நீ போன் எடுப்பதில்லை, மெசேஜ் போட்டால் பிஸி என்று ஒரு சொல் வருகிறது, அதுதான் பேனையைத் தூக்கினேன். அழ அழ உன்னைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனதற்கு இன்றைக்காவது பலன் கிடைக்கட்டும். இங்கே முதல் பனி கொட்டிவிட்டது. பாதையை வழித்துத் தருகிறேன் என்று உன் தம்பி துஷாந்த் மில்லிக்கனிலிருந்து வந்தான், தேத்தண்ணி குடித்தான், போனான், வழித்தது அப்பாதான். கீழே பேஸ்மென்ரில் வாடகைக்கு இருந்த பிள்ளைகள் வீடு மாறிவிட்டார்கள், வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

நீ கோபப்பட்டது நியாயம், அதில் எனக்குப் பேச்சில்லை. ஆனால் அன்றைக்கு நீ லெஸ்லியோடு முற்றத்தில் நின்றாய், உள்ளே நடந்ததில் பாதிதான் உன் காதுக்கு வந்தது, பக்கத்தில் நின்றவள் நான், ஆகவே முழுவதையும் சொல்கிறேன். லெஸ்லியின் தாய் ஷரோன் எங்களை அந்தப் பழைய பருத்தித் தோட்டத்துக்குக் கூட்டிப்போனது ஊர் சுற்றிக் காட்ட இல்லை. சம்பந்தம் செய்ய வந்தவர்களுக்குத் தன் குடும்பம் எங்கேயிருந்து வந்தது என்று காட்டத்தான். அந்தத் தோட்டத்துச் சொந்தக்காரர் ஜோசையா பிரென்ரிஸ் பெரிய இடத்துப் பிள்ளை ஒன்றும் இல்லையாம். கரோலினாவில் தகப்பனுடைய காணி எல்லாம் தமையன்மாருக்குப் போக, இவருக்கு மிஞ்சியது ஒரு வண்டிலும் நாலைந்து அடிமைகளும். அங்கே இருந்த பழங்குடிச் சனங்களைத் துரத்திவிட்டு, அவர்களுடைய நிலத்தை வெள்ளைக்காரருக்குச் சீட்டுக் குலுக்கிக் கொடுத்த காலம் அது, இவருக்கும் ஒரு துண்டு விழுந்திருக்கிறது. காடு வெட்டியது, பருத்தி நட்டது, பிடுங்கியது, பொதி கட்டியது எல்லாம் மற்றவர்கள், விலை ஏறியபோது பணக்காரர் ஆனது இவர். பிறகு அந்த ஆட்களையே வங்கியில் ஈடு வைத்து இன்னும் காணி வாங்கினார், இன்னும் ஆட்களை வாங்கினார், அமெரிக்காவின் உள்நாட்டுச் சண்டை தொடங்க முன்னர் நூற்றைம்பது பேருக்கு மேல் அவருடைய சொத்தாக இருந்தார்கள். எட்டுத் தூண் வைத்த அந்த வீடு அப்படித்தான் எழும்பியது. சேர்ச்சுக்கு மணி வாங்கிக் கொடுத்தவர், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டியவர் என்று வீட்டைச் சுற்றிக் காட்டிய பெண் சொல்ல, வெள்ளைப் பிள்ளைகளுக்கு என்று ஷரோன் மெதுவாகச் சேர்த்துச் சொன்னார்.

மேல்மாடியில் பிரென்ரிஸின் மூத்த மகளுடைய அறை. அவளுடைய கலியாணத்துக்குத் தகப்பன் கொடுத்தது வெள்ளிச் சாமான், ஒரு பியானோ, டைனா என்ற பன்னிரண்டு வயதுப் பிள்ளை. டைனாவின் தாய் அந்த வீட்டுக் குசினியில்தான் சமைத்துக்கொண்டிருந்தாளாம். மணப்பெண்ணோடு பிள்ளையும் வண்டிலில் ஏறி அலபாமாவுக்குப் போனது, தாயும் பிள்ளையும் அதற்குப் பிறகு ஒருவரை ஒருவர் காணவில்லை. உன் அப்பாவுக்கோ தூணும் மாடியும் பார்த்த சந்தோசப் புழுகம். சம்பந்தி முன்னால் நாங்களும் லேசுப்பட்ட ஆட்கள் இல்லை என்று காட்டவேண்டாமா? எங்கட பூட்டிக்கும் உப்பிடித்தான், சீதனத்தோடை ஒரு குடும்பத்தையே குடுத்து விட்டவை, எங்களுக்கும் பெரிய நாற்சார வீடு, புகையிலைத் தோட்டம் எல்லாம் இருந்தது என்று தன்னுடைய இங்கிலீசில் சிரித்துச் சிரித்துச் சொன்னார். பெருமை பேச வேறு இடம் கிடைக்காமல், போயும் போயும் பிரென்ரிஸுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். சட்டப்படி அந்தக் காலத்திலேயே எங்கள் நாட்டில் அடிமை இல்லை என்பார்கள், அந்தச் சட்டம் எங்கள் ஊர் ஒழுங்கைக்குள் வரவில்லை.

ஷரோன் சத்தம் போடவில்லை. அந்தக் குடும்பத்தின் பிள்ளைகள் இப்போது எங்கே என்று மட்டும் கேட்டார். அப்பா தெரியாது என்றார். அதற்கு ஷரோன், பிரென்ரிஸின் வழியில் வந்தவர்களிடம் டைனாவின் தாயைப் பற்றி நான் விசாரித்தபோது அவர்களும் இதைத்தான் சொன்னார்கள், டைனா என் பூட்டியைப் பெற்றவள் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அதற்குப் பிறகும் எங்களைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறும் கோழியும் கீரையும் போட்டார், அப்பாவும் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். அன்று பின்னேரம்தான் நீ, இதற்கு ஒரு வழி பண்ணாமல் அப்பா கலியாணத்துக்கு வரக்கூடாது என்று சொன்னாய்.

வந்து ஒரு கிழமையாக, நான் என்ன பொய்யே சொன்னனான் என்று வீட்டை இரண்டுபடுத்தினார். சீதனக் கதை பொய் இல்லை, தெரியாது எண்டு சொன்னியளே, அதுதான் பொய் என்று நான் சொன்னேன். கஜனி, ஸ்ரௌவ்வில்லில் இருக்கிற சீமோன் அங்கிளை அப்பாவோடு ஃபாக்டரியில் வேலை செய்தவர் என்றுதான் உனக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். பூட்டியின் சீதனத்தோடு வந்த குடும்பம் அவருடையது. அவருடைய தகப்பன் வரைக்கும் எங்கள் வளவில் வேலை செய்தவர்கள், எங்கள் வீட்டுக் கொண்டாட்டங்களில் விறகு கொத்திவிட்டு வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்தில் இருந்து சாப்பிட்டவர்கள்.

போன ஞாயிறு சீமோன் வீட்டை போவம் என்று அப்பாவே கார்த் திறப்பை எடுத்தார். வாசலில் சப்பாத்தைக் கழற்றி உள்ளே இருந்தோம், சீமோன் வழக்கம்போல் ஃபிரிட்ஜைத் திறந்து உடைக்காத சோடா ரின் இரண்டைக் கொண்டுவந்து வைத்தார். நாங்கள் அவர் வீட்டில் குடித்தது எல்லாம் அதுதான், அவர்கள் கை படாதது. உடம்புக்குச் சரியில்லை, இப்போதுதான் சாப்பிட்டோம் என்று ஏதாவது சொல்லுவோம், நானும்தான். அப்பா ரின்னைத் தள்ளி வைத்து, தேத்தண்ணி இருந்தால் தாருங்கோ என்றார். சீமோன் ரின் இரண்டையும் திரும்பக் கையில் எடுத்தார். பிறகு, இவ்வளவு வருசமும் உங்களுக்கெண்டுதான் உந்த ரின்னை வாங்கி வைக்கிறனான் அண்ணை, எங்கட வீட்டிலை ஒருத்தரும் உது குடிக்கிறேல்லை என்றார். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவர் மனைவி தேத்தண்ணியும் வடையும் கொண்டுவந்தார், சாப்பிட்டோம், நல்ல வடை. அப்பா ஜோர்ஜியாக் கதை முழுவதையும், தான் சொன்ன பொய்யையும் சேர்த்துச் சொன்னார். மன்னிப்பு என்ற சொல் அவருடைய வாயில் வரவில்லை, வந்தது என்று உனக்கு எழுதமாட்டேன். எழும்பும்போது, கஜனியின்ரை கலியாணத்துக்குக் குடும்பமா வரவேணும் என்றார். வேலைக்கோ அண்ணை, பந்திக்கோ என்று சீமோன் கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார், ஆனால் பதில் வரும்வரை கதவுப் பிடியில் இருந்து கையை எடுக்கவில்லை. பந்திக்கு, ஆனா நான் அங்கை இருப்பனோ எண்டு பிள்ளைதான் சொல்லவேணும் என்று அப்பா சொன்னார்.

கவனமாக இரு பிள்ளை, இரவு வேலை முடிந்து காரில் தனியாக வரும்போது போனில் கதைக்காதே, தலைக்கு எண்ணெய் வை. நீயும் லெஸ்லியும் நீடூழி வாழ, எந்தக் குறையும் அண்டாமல் இருக்க அம்மாவின் ஆசிகள். சீமோன் வீட்டு விலாசத்தைக் கடித உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், அழைப்பிதழ் அடித்ததும் முதல் அவர்களுக்கு அனுப்பு, எங்களுக்கு அனுப்புவது உன்னுடைய விருப்பம். ஷரோனைக் காணும்போது, அவர் கேட்டதற்குப் பதிலைச் சொல்லிவிடு. அந்தக் குடும்பத்தின் பிள்ளைகள் எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரக் கார் ஓட்டத்தில் இருக்கிறார்கள், அது எங்களுக்கு எப்போதும் தெரியும்.

உன் அம்மா,
பொ. கமலாம்பிகை