காற்றுமலைக்குப் போனவளுக்கு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் நலம். நீ நலமா என்று தெரியாமல்தான் எழுதுகிறேன்.

உன்னை ஏற்றிக்கொண்டு போன ராட்சதக் கொக்கு நேற்றுக் காலை தனியாகத் திரும்பி வந்து நம் மொட்டைமாடியில் நிற்கிறது. காற்றுமலையில் உன்னைப் பத்திரமாக இறக்கிவிட்டதா, வழியில் தவறவிட்டதா என்று அதைக் கேட்கவா முடியும்? தெருவே கூடிவிட்டது. பதினாறு வயசுப் புள்ளைய யாராச்சும் காத்தோட சண்டைக்கு அனுப்புவாங்களா என்று உன் மாமா ஆரம்பித்தார். அப்ப நீங்க போயிருக்கலாமேண்ணா என்று கேட்டேன். வந்த வழியே போய்விட்டார்.

காற்று உன் அப்பாவின் குரலைப் பறித்துக்கொண்டு போனதிலிருந்து அவர் பஸ்ஸில் மட்டுமல்ல, வீட்டிலும் விசில்தான். ஒரு விசில் அடித்தால் சாப்பாடு போதும், இரண்டு அடித்தால் இன்னும் போடு. நேற்று டிக்கெட்டின் பின்பக்கத்தில், என் குரல் போனால் போகட்டும், பிள்ளை வந்தால் போதும் என்று எழுதி நீட்டினார். கிழித்துப் போட்டேன். பெற்ற மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட அந்த மனிதருக்குக் குரல் வேண்டாமா? நீ போனது சரிதான்.

என் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுப் போனதாக நீ நினைத்துக்கொண்டிருப்பாய். வாசலைத் தாண்டினால் காலை ஒடிப்பேன் என்று கத்தியவள் நான்தான். மாடிக் கதவைப் பூட்டாமல் விட்டவளும் நான்தான். நீ போட்டுக்கொண்டு போன கோட்டை, யாரோ தைக்கக் கொடுத்துவிட்டு வாங்க வராதது என்று சொன்னேனே, அதுவும் பொய். உன் அளவுக்கு வெட்டியது. இன்று நம் தையல் கடை வாசலில் நின்று, எம் பொண்ண நாந்தான் அனுப்பினேன், இப்ப என்னங்கிறீங்க என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டுவிட்டேன்.

எனக்குப் பயமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் காலையில் ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடது கையாகவே தைத்து வைத்திருக்கிறேன்.

கொக்குக்கு வயிறு நிறைய மீன் போட்டாயிற்று. கடிதத்தை அதன் காலில் கட்டி அனுப்புகிறேன். கோட்டின் கை குட்டையாகிவிட்டால் உள்ளே மடித்திருப்பதைப் பிரித்துவிடு. கத்தரி வேண்டாம், பல்லால் இழுத்தாலே நூல் வந்துவிடும். இரண்டு வருட வளர்த்திக்குத் துணி விட்டிருக்கிறேன்.

மூன்றாம் வருடத்துக்குத் துணி இல்லை. குரல் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அதற்குள் வந்து சேர்.

மாடிக் கதவை இன்னும் பூட்டாத,
உன் அம்மா