கேப்டன் மனம் மாறும் அத்தியாயம்

என் எஞ்சினியர் ஐயாவுக்கு,

நானும் குட்டியும் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் வேண்டிக்கொள்கிறேன்.

உங்கள் கப்பலுக்குத் தண்ணீரும் மருந்தும் கொண்டுவரும் படகில் குடும்பத்துக்கு ஒரு கடிதம் அனுப்பலாம் என்று கம்பெனி அதிகாரி சொன்னார். தூங்கும்போதுகூடக் கழற்றமாட்டாரோ என்னும்படி டை கட்டிக்கொண்டு வருகிறார். நம் மகள் அவருக்கு டை மாமா என்று பேர் வைத்துவிட்டாள். பேச்சுவார்த்தையைப் பற்றி எழுதக் கூடாதாம், அழுது எழுதக் கூடாதாம். உங்களைப் பிடித்து வைத்திருப்பவர்களிடம் நம் மொழி தெரிந்த ஒருவன் இருக்கிறானாம், அவன் படித்துவிட்டுத்தான் உங்களிடம் தருவானாம். கப்பலைப் பிடித்து நான்கு மாதம் ஆகிறது, வீட்டுச் சமாச்சாரம் மட்டும் எழுது என்றால் என்னத்தை எழுதுவது? சரி, என் பிழைப்பைப் பற்றியே எழுதுகிறேன். அதைப் படித்து அவனுக்குக் கோபம் வர வழியில்லை. கடற்கொள்ளையர்களை என்னைவிட உயர்வாக எழுதியவள் யாரும் இருக்க முடியாது.

நீங்கள் ஒவ்வொரு துறைமுகத்திலிருந்தும் போன் செய்து என் நாவல்களைக் கிழிப்பீர்களே, அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். மூணு மாசமா கடல்ல கிடக்கிறவன் மேல எப்படிம்மா சந்தன வாசனை வரும், குடிக்கவே தண்ணியை அளந்துதான் ஊத்துவாங்க, உன் ஆளு மட்டும் தினம் தலைக்குக் குளிக்கிறானா என்பீர்கள். அந்த வெள்ளைப் பட்டுச் சட்டையை யார் துவைக்கிறா, சண்டை போட்டு வந்தவனுக்குப் பல்லு ஒண்ணுகூட விழலையா என்பீர்கள். தரை புரளும் பாவாடையோடு கதாநாயகி பாய்மரத்தில் ஏறியதற்கு நீங்கள் சிரித்த சிரிப்பில் நான் இரண்டு நாள் உங்களோடு பேசவில்லை.

எல்லாம் புளுகு என்று எனக்குத் தெரியாதா? படிக்கிறவர்களுக்கும் தெரியும். இரவு வேலை முடிந்து பேருந்தில் படிக்கும் ஒரு நர்ஸ் முன்பு எழுதியிருந்தாள். உங்க கதையில அவளுக்காக ஒருத்தன் கப்பலையே திருப்புறான், எங்க வீட்டுல ஃபேனை இந்தப் பக்கம் திருப்புங்கன்னா திருப்ப ஆள் இல்லை மேடம் என்று. அவ்வளவுதான் விஷயம். என் எல்லாப் புத்தகத்திலும் பதினெட்டாம் அத்தியாயத்தில் கதாநாயகி கொள்ளைக் கப்பல் கேப்டன் முன்னால் நின்று மன்றாடுவாள். அவன் ஒன்றும் பேசாமல் சன்னலுக்கு வெளியே கடலைப் பார்ப்பான். அந்த மௌனத்திலேயே அவன் மனம் மாறிவிட்டது என்று வாசகிக்குத் தெரிந்துவிடும். அந்தப் பக்கத்தில் நானே அழுதுகொண்டுதான் எழுதுவேன்.

இப்போது எழுதும் நாவல் பாதியில் நிற்கிறது. கொள்ளையன் ஒருவன் கப்பலில் கால் வைக்கிறான் என்று ஒரு வரி எழுதினால் போதும், நோட்டை மூடிவைத்துவிடுகிறேன். குட்டியிடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள், உங்க அப்பாவைப் பிடிச்சவனுக்கு ஒத்தைக் கண்ணா, தோள்ல கிளி இருக்கா என்று கேட்கிறார்களாம். அவள் என்னிடம் வந்து, அந்த கேப்டன் நல்லவராம்மா என்று கேட்டாள். நல்லவர்தான் என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். எதிர்த்துப் பேசாதீர்கள். உங்கள் வாய் சும்மா இருக்காது என்பதால் சொல்கிறேன்.

என்றும் உங்கள்,
புளுகுமூட்டை

*

என் எஞ்சினியர் ஐயாவுக்கு,

உங்கள் குரலைக் கேட்டதிலிருந்து எனக்குத் தரையில் கால் பாவவில்லை. டை மாமா இதைப் பார்த்தால் கிழித்துப் போட்டுவிடுவார். குட்டி வரைந்த படத்துக்குள் மடித்து வைத்து, அவர் பார்க்காமல் உறையில் சேர்த்துவிட்டேன்.

அன்றைக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். போன் வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று அவர் எழுதிக்கொடுத்த தாள் சுவரில் ஒட்டித்தான் இருந்தது. எதுவானாலும் கம்பெனியிடம் பேசுங்கள் என்று சொல்ல வேண்டும், அழக் கூடாது, உடனே போனை வைத்துவிட வேண்டும். தினமும் இரண்டு தடவை சொல்லிப் பழகியும் இருந்தேன். ஆனால் நல்லா இருக்கேன்மா, பாப்பா சாப்பிடுறாளா என்று நீங்கள் கேட்டீர்களே, அந்தக் குரல் உங்களுடையதாகவே இல்லை. எனக்கு அந்தத் தாளும் தெரியவில்லை, சுவரும் தெரியவில்லை.

உடனே அந்த மொழி தெரிந்தவன் போனை வாங்கிக்கொண்டான். நீங்கள் பக்கத்தில்தானே இருந்தீர்கள், நான் பேசியது உங்களுக்குக் கேட்டதோ என்னவோ. அவர் இல்லாம இந்த வீட்டுல பொழுது விடியாதுங்க, உங்களுக்கும் வீட்டுல ஒருத்தி காத்திருப்பா இல்லையா, அவளை நினைச்சுப் பாருங்க, எதை வேணும்னாலும் கேளுங்க, அவரை மட்டும் எனக்குக் குடுத்துடுங்க என்றேன். பேச்சு தானாக வந்தது. எத்தனை புத்தகத்தில் எழுதிய பேச்சு, வராமல் எங்கே போகும்?

அவன் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அவ்வளவு உசிராம்மா அவர் மேல என்று மெதுவாகக் கேட்டான். என் உசிருக்கும் மேல என்றேன். சரிம்மா என்றான். சிரிக்காதீர்கள், அந்தச் சரிம்மாவில் ஈரம் இருந்தது. வெறும் புளுகு என்று நான் நினைத்து எழுதியதில் ஏதோ ஒன்று உண்மையாகத்தான் இருந்திருக்கிறது. மனிதன்தானே அவனும்.

போனில் அழுததை மட்டும் டை மாமாவிடம் சொல்லவில்லை. சீக்கிரமே நல்ல சேதி வரும் என்று மனசு சொல்கிறது. உங்கள் நீலச் சட்டையைத் தேய்த்து மாட்டி வைத்திருக்கிறேன்.

தைரியமாக இருங்கள். நான் பேசிவிட்டேன்.

என்றும் உங்கள்,
புளுகுமூட்டை

*

என் ராஜாவுக்கு,

இதை அனுப்ப முடியாது. அனுப்பக் கூடாது. உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை என்பதால் எழுதுகிறேன்.

கப்பலை விட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டதும் குட்டியைக் கூட்டிக்கொண்டு விமான நிலையத்துக்கு ஓடினேன். ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். எல்லாரையும் யாராவது கட்டிக்கொண்டு அழுதார்கள். கதவு மூடும்வரை நாங்கள் நின்றோம். அப்பா பாத்ரூம் போயிருப்பாரும்மா என்றாள் குட்டி.

மறுநாள் கப்பல் சமையல்காரர் வீட்டுக்கு வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு தேநீரைத் தொடவே இல்லை. சார் நல்லா இருக்கார், தெம்பா இருக்கார் என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். நான் விடவில்லை. ஏன் அவர் மட்டும், ஏன் அவர் மட்டும் என்று துளைத்தேன். சொல்ல வேண்டாம்னு சார் சத்தியம் வாங்கியிருக்காரும்மா என்று அவர் அழ ஆரம்பித்தார். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார்.

எல்லாருக்கும் போன் போட்டுக் கொடுத்ததே அதற்குத்தானாம். எந்த வீட்டில் யார் உருகுகிறார்கள் என்று பார்க்கத்தானாம். சமையல்காரரின் மனைவி டை மாமா அவளுக்கும் எழுதிக்கொடுத்திருந்த தாளை அப்படியே படித்துவிட்டுப் போனை வைத்திருக்கிறாள். பெண்டாட்டி கைகழுவிவிட்டாள் என்று மனிதர் இரண்டு நாள் சாப்பிடவில்லையாம். அவர் இப்போது வீட்டில் இருக்கிறார். கப்பலை விடுவதற்கு முன் உங்களையும் வேறு இருவரையும் மட்டும் சின்னப் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். உருகுகிற வீடுகளை வைத்து இன்னும் பணம் கறக்கலாம் என்ற கணக்கு.

என் கடிதத்தையும் அந்த மொழி தெரிந்தவன் கப்பல் தளத்தில் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தானாம். மனிதன்தானே அவனும் என்ற இடத்தில் நிறுத்தித் தன் ஆட்களுக்கு விளக்கிச் சொல்லிச் சிரித்தானாம். நீங்கள் குனிந்தபடி இருந்தீர்களாம். படகில் இறங்கும்போது சமையல்காரர் கையைப் பிடித்துக்கொண்டு, அவ பேசினதாலதான்னு அவளுக்குத் தெரியவே கூடாது, ஏதாவது பொய் சொல்லிடு என்றீர்களாம். பாவம் அவர், பொய் சொல்லத் தெரியாதவர். அது என் தொழில்.

போனில் வாய்த்த அந்த மௌனம் என்னவென்று இப்போது புரிகிறது. அவன் உங்களை எடைபோட்டுக்கொண்டிருந்திருக்கிறான். என் கதாநாயகிகள் மன்றாடும்போது கேப்டனுக்கு வேறு வேலையே இருக்காது. இவனுக்கு இருந்தது. நீங்கள் எத்தனை தடவை சொன்னீர்கள், கொள்ளைக்காரன் கொள்ளையடிக்கத்தாம்மா வருவான் என்று. சந்தன வாசனைக்கும் பட்டுச் சட்டைக்கும் உங்களோடு சேர்ந்து நானும் சிரித்தேன். இந்த ஒன்றை மட்டும் மனசார நம்பியிருந்தேன் போலிருக்கிறது.

டை மாமாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இனி ஒரே வழி, நீங்கள் எனக்கு வேண்டாதவர் என்று அவன் நம்ப வேண்டும், இடையாள் மூலமாக ஒரு கடிதம் போக வேண்டும் என்றார். மூன்று முறை எழுதினேன். மூன்றையும் திருப்பிக் கொடுத்தார். இன்னும் பாசம் தெரியுதும்மா என்று ஒவ்வொரு வரியாக அடித்தார். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும் என்ற வரியை அடித்துவிட்டு டையைத் தளர்த்திக்கொண்டார். நாலாவது சரி என்றார்.

அந்தக் கடிதம் நாளைக்கு உங்கள் கையில் கிடைக்கும். பக்கத்தில் சொல்ல ஆள் இல்லாமல், தனியாக, ஏதோ ஒரு அறையில் அதைப் படிப்பீர்கள். சமையல்காரர் நம்பியதைப் போல நீங்களும் நம்பிவிட்டால் நான் என்ன செய்வேன்? நான் எழுதிய எதையும் நீங்கள் நம்பியதில்லையே, இதையும் நம்பாதீர்கள். ஒரு எழுத்தையும் நம்பாதீர்கள், என் சாமி. ஆனால் அவன் நம்ப வேண்டும். உங்கள் முகத்தைப் பார்த்து அவன் நம்ப வேண்டும் என்றால், நீங்கள் நம்பியே ஆக வேண்டுமே.

உங்கள்,
நான்

*

ஐயா,

உங்கள் நிலைமையைப் பற்றித் தகவல் கிடைத்தது.

அன்றைக்குப் போனில் ஏதோ படபடப்பில் பேசிவிட்டேன். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வருஷத்தில் பத்து மாதம் வீட்டில் இல்லாதவருக்காக இனியும் என் வாழ்க்கையைக் கெடுத்துக்கொள்ள முடியாது என்று என் அண்ணன் சொல்கிறார். எனக்கும் அதுவே சரி என்று படுகிறது. வீட்டைக் காலி செய்துவிட்டு அவரோடு வந்துவிட்டோம்.

உங்கள் துணிமணிகளை வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். குழந்தை இப்போதெல்லாம் உங்களைக் கேட்பதில்லை.

உங்களுக்காக யாரிடமும் பேசவோ கேட்கவோ எனக்கு விருப்பம் இல்லை. எதுவானாலும் கம்பெனியிடம் பேசிக்கொள்ளவும். பழைய எண்ணில் என்னை அழைக்க வேண்டாம், யாரும் எடுக்கமாட்டார்கள். விடுதலையாகி வந்தால் உங்கள் சொந்தக்காரர் யார் வீட்டுக்காவது போய்க்கொள்ளுங்கள்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் வேண்டாம்.

இப்படிக்கு,
குழந்தையின் தாய்