முதல் வண்டியில் பள்ளிச் செய்திகள்

நேற்று மதியம் அலுவலக அறை பீரோவில் பழைய விளையாட்டு விழாப் படங்களைத் தேடிக்கொண்டிருந்தேன். அடித்தட்டில், சாக்குப் பந்தயத்துக்கு வைத்திருந்த கிழிந்த சாக்குகளுக்குக் கீழே, உன் பச்சை மப்ளர் சுருட்டிக் கிடந்தது. இழுத்தால் கனமாக வந்தது. பிரித்துப் பார்த்தேன், உள்ளே உன் கைமணி. நடக்கும்போது அடிக்கக் கூடாதென்று அதன் நாக்கில் நீ சுற்றிய துணி அப்படியே இருந்தது. மப்ளரில் நீலகிரித் தைல வாசனை இன்னும் போகவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. என்னை இந்த நாற்காலியில் தனியாக விட்டுவிட்டு நீ பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாய். அறைக்கு வெளியே பலகையில் என் பெயருக்குக் கீழே 'தலைமையாசிரியை (பொறுப்பு)' என்று எழுதியிருக்கிறார்கள். நீ பார்த்திருந்தால் அந்த அடைப்புக்குறியைக் காட்டி ஒரு வாரம் கிண்டல் செய்திருப்பாய்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பள்ளியை மூடப் போகிறார்கள். சனிக்கிழமை காலை பெற்றோர் கூட்டம். நிர்வாகத்திலிருந்து செயலாளர் வருகிறார். பெற்றோர் வந்து, எங்கள் பிள்ளைகள் இங்கேயே படிக்கட்டும் என்று சொன்னால் பள்ளி நடக்கும். வரவில்லை என்றால், வருகிற ஜூனில் பிள்ளைகளை வேறு வேறு பள்ளிகளுக்குப் பிரித்து அனுப்பிவிட்டுக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். போன மாதக் கூட்டத்துக்கு நாற்காலி வாடகைக்கு எடுத்து, ஒரு கேன் நிறைய டீயும் வரவழைத்திருந்தேன். பேரனைக் கூட்டிக்கொண்டு வந்த பென்ஷன்காரர் ஒருவர் மட்டும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"பெத்தவங்களுக்கே அக்கறை இல்ல. நாம எதுக்கு மேடம் முட்டிக்கணும்?" என்றார் செயலாளர்.

நீயாக இருந்தால் அந்த இடத்திலேயே அவரைப் பிடித்து உலுக்கியிருப்பாய். நானோ, அவர் காரில் ஏறிப் போன பிறகு ஆளில்லாத நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டே ஆறிய டீயைக் குடித்தேன்.

அக்கறை இல்லையாம்! சனிக்கிழமை காலையில் நம் பிள்ளைகளின் பெற்றோர் எங்கே இருப்பார்கள் என்று உனக்குத் தெரியும். தங்கச் சுரங்கத்தை மூடிய நாளிலிருந்து இந்த ஊர் விடிவதற்குள் ரயிலேறி பெங்களூர் போகிறது, இருட்டிய பிறகு திரும்பி வருகிறது. கார்மெண்ட்ஸ், செக்யூரிட்டி, ஆஸ்பத்திரியில் துப்புரவு, கடையில் சேல்ஸ். பெரியவர்கள் இன்னும் சுரங்க நினைப்பில் முதல் வண்டியை 'பஸ்ட் ஷிப்ட்' என்றுதான் சொல்கிறார்கள். பிள்ளை எழுந்திருக்கும் முன்பே கிளம்பி, பிள்ளை தூங்கிய பிறகு வீட்டுக்கு வருகிறவர்கள் அவர்கள். வாரத்தில் ஆறு நாளும் தங்கள் பிள்ளைகளைத் தூங்குகிற முகமாகத்தான் பார்க்கிறார்கள்.

இதை முதலில் புரிந்துகொண்டவள் நீதான். நாம் இருவரும் வேலைக்குச் சேர்ந்த வருஷம் நடந்த முதல் கூட்டத்திலும் நாற்காலிகள் இப்படியேதான் காலியாக இருந்தன. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். விளையாட்டு டீச்சரான நீ, வாயிலிருந்த விசிலை எடுத்துவிட்டு, "அவங்க இருக்கற எடத்துக்கு நாம போலாம், வாடி" என்றாய்.

"எங்கடி?"

"ரயிலுக்கு."

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

மறுநாள் ஊரிகம் ஸ்டேஷனில் பனி மூட்டமாக இருந்தது. கண் மட்டும் தெரியும்படி மப்ளரைச் சுற்றிக்கொண்டு நீ நின்றாய். வெட்கத்தில் நான் கதவோரம் ஒண்டிக்கொண்டேன். வண்டி நகர்ந்ததும் துணியை அவிழ்த்து மணியை அடித்தாயே ஒரு அடி, சீட்டு விளையாடிக்கொண்டிருந்தவர்கள் கையில் இருந்ததைக் கீழே போட்டுவிட்டார்கள்.

"இன்னா டீச்சரம்மா, ரயில்ல பெல்லு அடிக்கறீங்க? பாடம் நடத்தப் போறீங்களா?"

"பாடம் இல்லீங்க, பள்ளிக்கூடத்துச் செய்தி. கம்முனு கேளுங்க." செய்தியை நீ பேனாவால் உள்ளங்கையில் எழுதி வைத்திருந்தாய். அதைப் பார்த்துப் படித்தாய். "வெள்ளிக்கிழமை பசங்களுக்குக் கண்ணு டெஸ்ட் பண்றாங்க. தலையில எண்ணெய வழியவிட்டு அனுப்பாதீங்க. அடுத்த வாரம் பேச்சுப் போட்டி, யாரு பேரு குடுக்கறீங்களோ இப்பவே சொல்லிடுங்க. அப்புறம், மூணாங்கிளாஸ் பொண்ணு ஒண்ணு நேத்து பிரேயர்ல தனியா நின்னு பாடுச்சு. அதோட அப்பா இந்தப் பொட்டிலதான் உக்காந்திருக்காரு. யாருன்னு நான் சொல்ல மாட்டேன். அவரே எழுந்திரிக்கட்டும்."

ஜன்னலோரத்தில் செக்யூரிட்டி சட்டை போட்ட ஒருவர் தயங்கித் தயங்கி எழுந்தார். "எங்க பொண்ணா? அது பாடுமா?" என்று கேட்டார். பெட்டி முழுவதும் கைதட்டியது. அதற்குப் பிறகு அவர் உட்காரவே இல்லை. பங்காரப்பேட்டையில் நாம் இறங்கும்போதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே, "இன்னா பாட்டுங்க டீச்சர்? இன்னா பாட்டு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து திங்கட்கிழமை தோறும் நமக்கு அந்த வண்டிதான். பங்காரப்பேட்டை வரை போய், பஸ் பிடித்துப் பள்ளி மணி அடிப்பதற்குள் திரும்பிவிடுவோம். ரிப்போர்ட் கார்டில் கையெழுத்துகூட ரயிலிலேயே வாங்கினோம். ஓடுகிற வண்டியில் முழங்கால் மேல் வைத்துப் போட்ட கையெழுத்து எப்படி இருக்கும்? "உங்க ஊர்ல எல்லாருக்கும் கை நடுக்கமா?" என்று ஆய்வுக்கு வந்த அதிகாரி கேட்டார். நீ முகத்தை மாற்றாமல், "குளிருங்க சார்" என்றாய்.

உனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அனுமதி கிடைக்காத விழாவையெல்லாம் ரயிலில் அறிவித்துவிடுவாய். ஒவ்வொரு வருஷமும் விளையாட்டு விழா இப்படித்தான் நடந்தது. செய்தி முடியும்போது கடைசி வரியாக அது வரும். "ஸ்போர்ட்ஸ் டே ஞாயித்துக்கிழமை. பெத்தவங்களுக்கும் ஓட்டம் உண்டு. ஷூ இல்லாதவங்க வெறுங்கால்ல வாங்க." இறங்கியதும் சண்டை பிடிப்பேன். யாரைக் கேட்டுச் சொன்னாய், மேலே என்ன பதில் சொல்வது என்று கத்துவேன். நீ பஸ்ஸுக்குக் கை காட்டிக்கொண்டே, "சொல்லியாச்சு இல்ல? இனிமே நடத்தித்தான ஆகணும். சுண்ணாம்பு இருக்குதான்னு பாரு" என்பாய். ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் சுரங்கக் கழிவைக் கொட்டிய சயனைடு மேட்டுக் காற்றில் புழுதி பறக்கப் பறக்க மைதானம் நிரம்பி இருக்கும். அப்பாக்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடுவார்கள். அம்மாக்கள் எலுமிச்சையையும் கரண்டியையும் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் இடித்துத் தள்ளுவார்கள்.

பிறகு அதே வண்டியில் நீ ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பித்தாய். ஜன்னல் சீட்டை உனக்கென்று விட்டுவைத்தார்கள். முடி கொட்டிய தலையில் அதே மப்ளர். உன்னை வரவேண்டாம் என்று சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. மணியை நான் அடித்தேன். உனக்குக் குரல் எழும்பவில்லை. நீ முணுமுணுப்பாய், பக்கத்தில் அந்தப் பாட்டுக்காரப் பெண்ணின் அப்பா நின்று ஒவ்வொரு வரியாக உரக்கச் சொல்வார். கடைசி முறை உன்னைப் பார்க்க வந்தபோது நர்ஸ் உன் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கையில் 'கயிறு வாங்கணும்' என்று எழுதியிருந்தது. அந்த வருஷக் கயிறு இழுக்கும் போட்டி நடக்கவே இல்லை.

நீ போன பிறகு நான் ரயில் பக்கம் போகவில்லை. வாட்ஸ்அப் குழு ஒன்று ஆரம்பித்தேன். காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூக்களுக்கு நடுவில் நம் பள்ளிச் செய்திகள் எங்கேயோ புதைந்து போகின்றன. பார்த்ததற்கு நீலக் குறி வருகிறது. ஆள் வருவதில்லை. விளையாட்டு டீச்சர் இடத்துக்கு யாரையும் போடவில்லை, அதனால் விளையாட்டு விழாவும் இல்லை. நேற்று மணியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

இன்று காலை முதல் வண்டியில் ஏறினேன்.

உன்னை மாதிரி எனக்கு வராது என்று தெரிந்துதான் ஏறினேன். பெட்டியில் பாதிப் பேர் காதில் வயரோடு தூங்கிக்கொண்டிருந்தார்கள். நாக்கிலிருந்த துணியை அவிழ்த்தேன். மணியை அடித்தேன். "காலங்காத்தால இன்னாம்மா ரோதன, தூங்க வுடுங்க" என்று மேல் பலகையிலிருந்து ஒரு குரல் வந்தது. நான் நிர்வாகத்தின் கடிதத்தை எடுத்து முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். எவ்வளவு பெரிய மடத்தனம் பார். 'மேற்படி பொருள் தொடர்பாக' என்று படிக்கும்போதே கேட்டுக்கொண்டிருந்த ரெண்டு பேரும் ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். கடிதத்தை மடித்துவிட்டு, "பள்ளிக்கூடத்த மூடப் போறாங்க. சனிக்கிழமை வாங்க. கைய எடுத்துக் கும்பிடறேன், வாங்க" என்றேன்.

கார்மெண்ட்ஸ் கார்டு கழுத்தில் தொங்கும் இளம் தாய் ஒருத்தி எழுந்தாள். நம் ஒன்றாம் வகுப்புப் பையனின் அம்மா. "மிஸ், சாட்டர்டே லீவு கேட்டா, மண்டேலருந்து வராதன்னுடுவான் எங்க சூப்பர்வைசர். நாங்க ஸ்கூல் வேணாம்னா சொல்றோம்? ஒரு சண்டேல வெக்கச் சொல்லுங்களேன்."

"செயலாளர் ஞாயித்துக்கிழமை வர மாட்டாராம்மா. கேட்டுப் பாத்துட்டேன்."

"அப்ப நாங்க இன்னா மிஸ் பண்றது?" என்று கேட்டவள் அப்படியே அழுதுவிட்டாள். "நான் வேல வேலன்னு ஓடறதே அவன் படிக்கணும்னுதான?"

அவள் தோளைத் தொடலாம் என்றால்கூட ஒரு கையில் மணி, ஒரு கையில் கடிதம். அவ்வளவுதான், முடிந்தது, இந்த ஊரில் நம் பள்ளி இருந்தது என்பதே நாலு வருஷத்தில் யாருக்கும் நினைவிருக்காது என்று தோன்றியது. உன்மேல் வந்த கோபம் உன் சாவின்மேல், ரயிலின்மேல், செயலாளர்மேல், அன்று அவரிடம் வாய் திறக்காத என்மேல் என்று சுற்றிச் சுற்றி வந்தது.

அப்போதுதான் ஜன்னலோரத்திலிருந்து அந்தக் குரல் வந்தது. செக்யூரிட்டி சட்டை, தலை முழுக்க நரைத்துவிட்டது. பாடிய பெண் காலேஜ் போய்விட்டாளாம், கடைக்குட்டி நம்மிடம் நாலாவது படிக்கிறான்.

"டீச்சர், செய்தி இன்னும் முடியலயே."

"முடிஞ்சிதுங்க. அவ்ளோதான்."

"ஸ்போர்ட்ஸ் டே சொல்லலயே. அந்த டீச்சர் கடைசியா அதத்தான சொல்லும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மேல் பலகையில் தூங்கியவர்கூடத் தலையை நீட்டினார். வண்டி பங்காரப்பேட்டைக்குள் நுழைந்து வேகம் குறைந்துகொண்டிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், யோசிக்கவில்லை.

"இந்த ஞாயித்துக்கிழமை" என்றேன்.

பள்ளிக்கு வந்ததும் செயலாளருக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"யாரக் கேட்டுச் சொன்னீங்க?"

"யாரையும் கேக்கலைங்க சார்."

"சனிக்கிழமை ஆள் வரலன்னா அன்னிக்கே முடிவு எழுதிடுவோம். அதுக்கப்புறம் நீங்க ஓடுனா என்ன, தாண்டுனா என்ன?"

"ஞாயித்துக்கிழமை ஒரு பத்து நிமிஷம் வந்து பாருங்க சார். அக்கறை இருக்குதா இல்லையான்னு உங்க கண்ணாலயே பாருங்க. அதுக்கப்புறம் எழுதுங்க சார், நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

போனை வைத்துவிட்டார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. சனிக்கிழமையே எழுதிவிட்டால், பூட்டப் போகிற பள்ளியின் மைதானத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் ஓடுவார்கள். அதை எப்படி நின்று பார்ப்பேன் என்று தெரியவில்லை. எனக்கு விசில்கூட ஊதத் தெரியாது. சுண்ணாம்பு இருக்கிறதா என்று போய்ப் பார்த்தேன். கால் மூட்டைதான் இருக்கிறது, அதுவும் கட்டிப்போய்விட்டது. ஆயா அதைப் போட்டு உடைத்துக்கொண்டிருக்கிறாள்.

சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது மணியை மப்ளரில் சுற்றிப் பையில் வைத்தேன். நாக்கில் கட்டும் துணியைத் தேடினால் காணோம். ரயிலிலேயே எங்கோ விழுந்துவிட்டது. கைக்குட்டையை எடுத்தேன், கட்ட மனம் வரவில்லை. ஆண்டர்சன்பேட்டை கடைத்தெருவில் நடக்க நடக்க, ஒவ்வொரு அடிக்கும் பைக்குள் அது அடித்துக்கொண்டே வந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பூக்கட்டிக்கொண்டிருந்த பெண் தலையைத் தூக்கி, "இன்னா டீச்சர், பையில பெல்லு அடிக்குது?" என்றாள். அவள் மகள் நம்மிடம் ஐந்தாவது.

நின்றேன். தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்.

"ஸ்போர்ட்ஸ் டே ஞாயித்துக்கிழமை. பெத்தவங்களுக்கும் ஓட்டம் உண்டு. ஷூ இல்லாதவங்க வெறுங்கால்ல வாங்க."