யட்டியாந்தோட்டை ஹயர் ஸ்டாண்டில் என் கார்

என் மொரிஸ் மைனர் மகாராசாவே,

முதலில் வெற்றிச் செய்தி. வாடகைக் கார்கள் நிற்கும் ஹயர் ஸ்டாண்டில் உங்கள் இடம் கைவிட்டுப் போகவில்லை. நான்தான் பிடித்து வைத்திருக்கிறேன். சிரிக்காதீங்க!

ஓடாத காருக்கு ஸ்டாண்டில் இடமில்லை என்பது நீங்களே பேசி வைத்த சட்டம்தானே? நீங்கள் கண்ணை மூடியதும் ஆளாளுக்கு அந்த இடத்தில் கண் வைத்தார்கள். உங்கள் மொரிஸை எடுத்துப் பார்த்தேன். அம்மாடி, அந்த ஸ்டீரிங்கைத் திருப்ப இரண்டு ஆள் வேண்டும்! இத்தனை வருடம் முன் சீட்டில் உட்கார்ந்தும் எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். ஏற்றத்தில் வண்டி பின்னால் உருண்டால், குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை வைப்பேன்.

அதனால் கொழும்பில் இருக்கும் நம் மகளிடம் சொல்லி ஒரு சின்ன கார் எடுத்து, ஓட்டப் பழகி லைசன்சும் வாங்கினேன். ஓட்டோ கியர். நீங்கள் பிஸ்கட் டின் என்று கிண்டல் பண்ணுவீங்களே, அந்தச் சாதிதான். உங்கள் மொரிஸ் மலை ரோட்டில் இரண்டு முடக்குக்கு அப்பால் வரும்போதே தோட்டத்து லயத்துப் பிள்ளைகள் ஓடி வருவார்கள். இது வருவது நாய்க்குக்கூடத் தெரியாது. மொரிஸ் நின்றால் கம்பித் துண்டு போதும். இது நின்றால் கம்ப்யூட்டர் வேண்டும். அந்த மரியாதையை உங்கள் காருக்கே கொடுத்துவிடுகிறேன். ஆனால் ஸ்டீரிங்? ஒற்றை விரலுக்குத் திரும்புகிறது, என்னங்க!

ஸ்டாண்டுக்கு இப்போது தலைவர் உங்கள் கூட்டாளி சுனில் அண்ணன். என்னைத் தங்கச்சியாக நினைத்து நங்கி, நங்கி என்பாரே, அவரே மடக்கினார்.

"நங்கி, மழையில தோட்டத்து மேல் டிவிசனுக்கு ஃபுல் லோடு ஏத்திக் காட்டுங்க. அப்புறம் எடத்தப் பத்திப் பேசுவோம்."

அன்றைக்கே கொட்டியது மழை. முன்னால் அவர், பின்னால் கடைக்கு வந்த மூன்று பெண்கள், டிக்கியில் அரிசி மூட்டை. பாலத்து முடக்கில் ரப்பர் இலையும் சேறுமாகக் கிடந்தது. சக்கரம் வழுக்கியது. பின்னாலிருந்த பெண்கள் கத்தினார்கள்.

"யக்கா, நாங்க எறங்கிக்கிறோமே!"

"யாரும் எறங்க வேணாம். சும்மா ஒக்காருங்க!"

அப்படி அதட்டிவிட்டு, முருகா என்று மெதுவாக மிதித்தேன். ஏறியது பாருங்க! சேற்றை வாரி இறைத்துக்கொண்டு ஏறியது. சுனில் அண்ணன் "ஷா, நங்கி!" என்று டேஷ்போர்டில் தட்டினார். மேலே போய் நிறுத்தியதும் அழுதுவிட்டேன். சந்தோஷம்தான். நீங்கள் பார்க்கவில்லையே என்ற கோபமும்தான். எங்கிருந்தாவது பார்த்தீங்களா?

நேற்று பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு அம்மா, "செல்வி அக்கா காரு நிக்கிற எடம் எங்க?" என்று கேட்டார். ஸ்டாண்டே கை காட்டியது.

மொரிஸை யாருக்கும் கொடுக்க மாட்டேன். ஞாயிறு தவறாமல் கழுவித் துடைப்பேன், இது சத்தியம். ஆனால் நாளைக்கே நீங்கள் எழுந்து வந்து நின்றாலும் அந்த இடத்தை மட்டும் திருப்பித் தர மாட்டேன். வேண்டுமானால் பின் சீட்டில் ஏறிக்கொள்ளுங்கள்.

உங்களைக் கட்டிக்கொண்டு, உங்கள் பேச்சை மட்டும் கேட்காத பெண்டாட்டி,
செல்வி