மாடுகள் மாற்றிப் போட்ட வழி

சப்பாத்தில் சாணி பட்டால் அரை நாள் புலம்பும் என் மேபல் அக்காவுக்கு,

நீங்கள் போய் ஒரு மாரியும் கழிந்துவிட்டது. ஊர்ப் புதினம் எல்லாம் சொல்ல ஆளில்லாமல் எனக்குள்ளேயே கிடக்கிறது. முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். உங்கள் பாதையைத் தொலைத்துவிட்டேன்.

ஒரு பாதையை எப்படிப் புள்ள தொலைக்கிற என்று கேட்பீர்கள். குடையையும் கண்ணாடியையும் பாறைக்கு மேலே விட்டுவிட்டு வந்தவர் நீங்கள், அதனால் அதிகம் பேச வேண்டாம். ஆனால் இரண்டு மைல்கட்டை நீளமான வழி ஒன்று எப்படிக் காணாமல் போகும் என்று நானும்தான் இத்தனை நாளாக யோசிக்கிறேன்.

இந்தக் கடிதத்தை வேறு ஆட்களும் படிப்பார்கள். ஆனபடியால் நீங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். மட்டக்களப்பு நகரத்துப் பறங்கி வீட்டுப் பிள்ளை. பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் வேலை. கடல் பார்த்துச் சலித்த வெள்ளைக்காரரை வேனில் ஏற்றிக்கொண்டு, கரடியனாற்றுக்கு அங்கால் இருக்கும் எங்கள் ஊரில் ஒரு நாள் வந்து இறங்கினீர்கள். நான் வேலியில் புடவை காயப் போட்டுக்கொண்டு நின்றேன்.

"புள்ள, இந்த மலையள்ள நடக்க வழி இரிக்கா?"

"மாடு போற வழி இரிக்கு. மனிசர் அங்க ஏன் போற?" என்றேன்.

அன்றிலிருந்து பத்து வருடம் அந்த வழியில் உங்களுக்கு முன்னால் நடந்தது நான்தான். மலை என்றால் பெரிய மலையும் இல்லை. பாறையும் மேடும் பள்ளமும். ஒன்றை ஏறி முடித்தால் அடுத்தது தெரியும். எங்கள் வீட்டுக் கிணற்றடிக்குப் போய்த் திரும்பவே வழி கேட்கிற நீங்கள், திசை தப்பாமல் இருக்க ஒரு பாலை மரத்தில் மஞ்சள் பெயின்ற் பூசி வைத்தீர்கள். வழி தவறுகிற ஒருத்திக்கு வழிகளில் ஏன் இத்தனை ஆசை? இதைக் கடைசி வரை நான் உங்களிடம் கேட்கவில்லை.

அந்தப் பாதையில் உங்களுக்குப் பிடிக்காதது சாணி ஒன்றுதான். வந்தவர்களிடம் "சொரி, சொரி" என்று, நீங்களே போட்ட மாதிரி மன்னிப்புக் கேட்பீர்கள். நீங்கள் கண்ணை மூடிய பிறகு எனக்கு ஒரு வைராக்கியம் வந்தது. அக்காவின் பாதையில் இனிச் சாணி கிடக்கக் கூடாது. நேரே பட்டிக்காரர் தங்கராசா அண்ணனிடம் போனேன். வயல் வட்டையில் வேளாண்மை விதைக்கத் தொடங்கினால் பயிரை மாடு தின்றுவிடும் என்று, ஊர் மாடுகளை எல்லாம் மலைப்பக்கம் ஓட்டிச் சாய்த்துக்கொண்டு போகிறவர் அவர்.

"அண்ணன், இந்த மாரிக்கு மாடுகளக் குளத்துக்கு அங்கால சாய்ச்சிட்டுப் போங்க. அக்காட பாத துப்பரவாக் கிடக்கட்டும்."

அவர் வெற்றிலையைக் கொடுப்பில் ஒதுக்கிவிட்டு, "ஓம், அதுக்கென்ன" என்றார். மழை முழுக்க அந்தப் பக்கம் ஒரு மாடும் போகவில்லை. நீங்கள் இல்லாமல் வெள்ளைக்காரரும் வரவில்லை. நானும் போகவில்லை. தனியே போக மனம் வரவில்லை அக்கா, அதுதான் உண்மை.

சித்திரை வருடப்பிறப்புக் கழிந்து உங்கள் மகள் ஷெரின் மெல்பேர்னில் இருந்து வந்தாள். உங்கள் செத்தவீட்டுக்கு அவளால் வந்து சேர முடியவில்லை என்பது உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. வந்த அன்றே சேமக்காலைக்குப் போய் உங்கள் கல்லறைக்கு முன்னால் நின்றிருக்கிறாள்.

"வாயே வரல்ல அன்டி. என்ன சொல்றெண்டு தெரியாம நிண்டன், கிறுகித் திரும்பி வந்திட்டன். அம்மா நடந்த பாதையில ஒருக்கா நடக்க வேணும். அதுதான் நான் அவவுக்குச் செய்யிற செத்தவீடு."

கையில் மூன்று நாள்தான் லீவு. "நாளைக்குக் கூட்டிட்டுப் போறன் மகள்" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு, ஒருமுறை பார்த்து வரலாம் என்று கத்தியோடு போனேன்.

பாதை இல்லை அக்கா. பாலை மரம் நிற்கிறது, உங்கள் மஞ்சள் பெயின்ற் இருக்கிறது, அதற்கு அங்கால் நாயுண்ணிப் பற்றையும் சூரை முள்ளும் ஆளுயரத்துக்கு மூடிக் கிடக்கின்றன. கை கிழியக் கிழிய வெட்டினேன். வெயில் உச்சிக்கு வந்தபோது என் வீட்டு முற்றத்து நீளம்கூட வெட்டி முடியவில்லை. அங்கேயே இருந்து அழுதேன். உங்கள் மேலும் கோபம் வந்தது. இதைப் பார்க்க நீங்கள் இல்லையே என்று.

தங்கராசா அண்ணனிடம் சண்டைக்குப் போனேன்.

"மாடு மிதிச்சாத்தானே புள்ள அது வழி" என்றார். "ஒரு மாரிக்கு மாடு போகாட்டிக் காடு மூடிரும்."

"அப்ப ஏன் ஓமெண்டீங்க?"

"செத்தவட பேரச் சொல்லி வந்து கேட்டா, மாட்டனெண்டு என்னெண்டு சொல்ற?"

மாடு போட்ட வழி அது. பத்து வருடம் அதை உங்கள் பாதை, என் பாதை என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறோம்.

ஷெரினிடம் மறைக்கவில்லை. தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னேன். அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "அப்ப அம்மா நடந்த இடம் ஒண்டும் மிச்சமில்லையா அன்டி?" என்றாள்.

கோடை வேளாண்மைக்கு விதைப்புத் தொடங்கியிருந்ததால் மறுநாள் மாடுகள் மலைக்கு ஏற இருந்தன. வேலிக்கு அங்கால் நின்ற தங்கராசா அண்ணன்தான், "விடிய நான் பழைய பக்கமாத்தான் சாய்ப்பன். பின்னால வாங்க. மாடு எங்கயாவது வழி எடுக்கும்" என்றார்.

போனோம். முன்னால் ஒரு கிழட்டுச் சிவலைப் பசு, ஒரு கொம்பு மடிந்தது. பாலை மரத்தடியில் நின்று மூக்கால் மூசியது. உங்கள் பெயின்றை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இடப்பக்கம் திரும்பிப் போனது, மற்றவையெல்லாம் பின்னால் போயின.

"அம்மாட வழி நேரயல்லவா?" ஷெரின் மரத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். கடைசி மாட்டின் வாலும் பற்றைக்குள் மறைகிறது. நான் வா என்றும் சொல்லவில்லை, நில் என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளே கையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

மாடு ஏன் நேரே ஏறாமல் சரிவைச் சாய்ந்து சாய்ந்து ஏறுகிறது? எப்போதும் அதே பசுதான் முன்னால் போகுமா? அது செத்தால் யார் போவது? ஐம்பது வருடம் இந்த ஊரில் சீவித்தும் இதையெல்லாம் நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. கேட்டுக் கேட்டு அண்ணனின் உயிரை எடுத்தேன். "வாய மூடிட்டு நடங்க புள்ள, காட்டு யான நிண்டாச் சத்தம் கேக்க வேணும்" என்று கடைசியில் ஏசினார்.

இரண்டு பாறைகளுக்கு நடுவில் ஒரு பள்ளம். அதில் தெளிந்த தண்ணீர், கரையில் மூன்று நாவல் மரம். மாடுகள் இறங்கிக் குடித்தன. நாம் ஏறுகிற பாறையிலிருந்து ஒரு கூப்பிடு தூரம்தான் இருக்கும். பத்து வருடமும் நான் கண்டதில்லை.

"அம்மா இஞ்ச வந்தவவா அன்டி?"

ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவள் மனம் குளிர்ந்திருக்கும். நாக்கு நுனி வரை வந்தது. உங்கள் முகம் நினைவுக்கு வந்தது, சொல்ல முடியவில்லை.

"இல்ல மகள். இந்த இடம் அம்மாக்குத் தெரியாது."

சேமக்காலையில் வராத அழுகை அங்கே வந்தது. நான் தடுக்கவில்லை, கூட இருந்து நானும் அழுதேன். பிறகு அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு ஒவ்வொன்றாக விசாரிக்கத் தொடங்கினாள். இது என்ன மரம், தண்ணீர் கோடையில் வற்றுமா, அந்தப் பசுவுக்கு என்ன வயது.

"ஏன் புள்ள இதெல்லாம்?"

"அம்மாக்குத் தெரியாதெண்டீங்களே. போய்ச் சொல்ல வேணும்."

மெல்பேர்னுக்கு வெளிக்கிடுகிற அன்று சேமக்காலைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். நான் கேற்றடியில் நின்றுகொண்டேன். உங்கள் முன்னால் நிலத்தில் காலை மடக்கிச் சப்பாணி கட்டி இருந்து, கையை ஆட்டி ஆட்டி அரை மணி நேரம் கதைத்தாள். இடையில் சிரித்தாள்கூட. என்ன சொன்னாள் என்று அறிய எனக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்கும் என்று உங்களைத் தவிர யாருக்குத் தெரியும்? ஆனாலும் கிட்டப் போகவில்லை அக்கா. ஒரு புதினத்தைக் கேட்காமல் வாசலில் நின்றது என் சீவியத்தில் அதுதான் முதல் தரம்.

இனி ஒரு மரத்திலும் பெயின்ற் பூச மாட்டேன். ஒவ்வொரு போகத்துக்கும் மாடுகளின் பின்னால் நடந்து, வழி எங்கே கிறுகியது, என்ன இருந்தது என்று உங்களிடம் சேமக்காலைக்கே வந்து சொல்வேன். இது சத்தியம்.

உங்களோடு கூடப் பிறக்காத தங்கச்சி,
பூரணம்