யார் கை என்று கேட்கும் நாட்டிலிருந்து

கடல் மீன் சொரிக! கழனி நெல் சொரிக! செங்கரை நாட்டு மணிமுடி சாயாது நிற்க!

அலையடக்கிய பெருமாளும், முத்துத்துறைகளின் காவலரும், வந்தோர்க்கு வாரி வழங்கி வாராதோர்க்கும் அனுப்பி வைக்கும் வள்ளலும், எம்மை ஆளும் வேந்தருமாகிய சேந்தன் நெடுங்கொற்றர் திருமுன்பு, தேன்வரை நாட்டின் தலைநகராம் பிறைக்குன்றத்தில் பாளையமிட்டிருக்கும் தூதுவன் சாத்தன் பெருங்கண்ணன் தலை தாழ்த்தி விடுக்கும் விண்ணப்பம்.

அவ்விடத்து அரண்மனையும் ஆனைக்கொட்டிலும் துறைமுகமும் நலமென நம்புகிறோம். இவ்விடத்தில் இளவரசியார் முகையரசியார் நலம். படைத்தலைவர் வெட்சிமாறர், விரல்நுனிகள் நீங்கலாக, நலம். அடியேனும் நலமே, ஆயினும் கூடாரமின்றி வானத்தின் கீழ் உறங்குவதால் சற்றே தும்முகிறேன். இவ்வோலை நறுக்குகள் ஒடுங்கியும் ஓரம் கோணியும் இருப்பதைக் கண்டு பெருமாள் சினம் கொள்ள வேண்டா. நல்ல ஓலைகள் எங்கே போயின என்பதைப் பின்னே கூறுவேன்.

தலைச்செய்தி யாதெனில், திருமணம் இன்னும் நடைபெறவில்லை, முறிந்துபோகவும் இல்லை. அது நடப்பது இப்போது பெருமாள் திருக்கையில் இருக்கிறது. அரசர்க்கு எழுதும் ஓலைகளில் இச்சொல் உபசாரமாக வழங்குவதுண்டு. இங்கே உபசாரம் இல்லை. கையில் என்றால் ஐந்து விரலும் ரேகையும் உள்ள அந்தக் கையிலேதான். நடந்ததை முறையே விண்ணப்பிக்கிறேன்.

நாங்கள் இங்கு வந்து சேர்ந்தபோது, பெருமாள் அனுப்பிய சீர்வரிசை வண்டிகளைக் கண்டு மலைநாட்டார் வாய் பிளந்தனர். கடல்கடந்த பட்டுகள், தீவுகளிலிருந்து வந்த வாசனைக் குப்பிகள், பெயர் சொல்லவே நாக்குக்குப் பயிற்சி வேண்டிய நாடுகளின் மணிகள், எல்லாவற்றையும் இளவரசியார்க்கு அணிவித்தோம். அவர் நடந்தால் சரக்கேற்றிய மரக்கலம் அசைவது போலிருந்தது. அடியேன் பெருமிதத்தால் அரையடி உயர்ந்திருந்தேன்.

இந்நாட்டில் மணத்துக்கு முன் கைகாணல் என்றொரு சடங்கு உண்டு. மணமகன் வீட்டு மகளிர் வட்டமாக அமர்ந்து, மணமகள் அணிந்துள்ள ஒவ்வொன்றையும் தொட்டு, "யார் கை?" என்று கேட்பர். அதைச் செய்தவர் பிறந்தகத்தார் நடுவிலிருந்து எழுந்து தம் கையை நீட்டிக் காட்ட வேண்டும். மகளிர் அக்கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்வர். சடங்கு அவ்வளவே. இதை யாரும் எங்களுக்கு முன்னே சொல்லவில்லை. சூரியன் கிழக்கே உதிக்கும் என்று விருந்தினர்க்கு யார் சொல்லி வைப்பார்?

மணமகனின் அன்னையார், பேரரசி வேங்கைமாதேவியார், பட்டைத் தொட்டு "யார் கை?" என்றார். அடியேன் எழுந்து, அது கீழ்க்கடல் வணிகர் கொணர்ந்தது என்று கம்பீரமாக மொழிந்தேன். மாலையைத் தொட்டார், மேல்கடல் வணிகர் என்றேன். வளையைத் தொட்டார், மையைத் தொட்டார், கூந்தல் எண்ணெயை முகர்ந்தார். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வணிகக் குழுவின் பெயரைக் கூறக் கூற என் குரல் உயர்ந்தது. அம்மகளிரின் முகம் வாடியது. முடிவில் பேரரசியார் கண்கலங்கி, இளவரசியாரை இழுத்து மார்போடு அணைத்து, "ஐயோ மகளே, உனக்குன்னு ஒரு கைகூட இல்லையா!" என்று அழத் தொடங்கினார். அவரைத் தொடர்ந்து அவை முழுவதும் அழுதது. என்ன ஏதென்று புரியாமல் எங்கள் பல்லக்குக்காரர்களும் அழுதனர்.

அழுகை ஓய்ந்தபின் இடி விழுந்தது. எவர் கையும் உழைக்காத பெண் இந்நாட்டு வழக்கில் நாதியற்ற பெண்ணாம். அத்தகையவளை அரசியே மகளாக ஏற்று வளர்க்க வேண்டுமாம். அன்றே இளவரசியாரை மகளாக எழுதிக்கொள்வதாகப் பேரரசியார் அருள்கூர்ந்து அறிவித்தார். பெருமாள் இதன் நுட்பத்தை உணர்ந்திருப்பீர். அவர் மகளாகிவிட்டால், மணமகன் குன்றநாகனார் இளவரசியார்க்கு அண்ணன் ஆகிவிடுவார்! பெண் கொடுக்க வந்த நாங்கள் தங்கை கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

இதில் ஒரு மறைபொருளும் உண்டு. குன்றநாகனார் முன்தினமே இளவரசியார்க்குத் தம் கையால் செதுக்கிய சீப்பு ஒன்றை அனுப்பியிருந்தார். அதில் ஒரு பல் உடைந்தும் ஒரு பல் வளைந்தும் இருக்கும். தலைவாரினால் முடி சிக்கி உயிர் போகும். நம் வண்டியில் தந்தச் சீப்புகள் இருக்க, இளவரசியார் இதைக்கொண்டே வாரிக்கொண்டு, வலித்தபோதெல்லாம் சிரித்தார். அடியேன் தூதுவன், முகம் படிப்பது என் தொழில். இம்மணம் நின்றால் இரு நாட்டு உறவு பின்னே உடையும், அந்தப் பெண்ணின் நெஞ்சு முன்னே உடையும் என்று அறிந்தேன்.

ஆதலால் பேரரசியார் காலில் விழுந்து, எங்கள் மகளுக்குக் கைகள் இல்லாமல் இல்லை, அவை இன்னும் வேலை தொடங்கவில்லை என்று முறையிட்டேன். அவர் கண்ணைத் துடைத்து, நிறைமதி வரை பொறுப்பதாகவும், அதற்குள் கைகளைக் காட்டுமாறும் கட்டளையிட்டார்.

பெருமானே, அதன்பின் எங்கள் பாளையத்தில் நடந்ததைக் கண்டிருந்தால் பகைவரும் போரை மறந்து வேடிக்கை பார்த்திருப்பர். இளவரசியார் சீர்வரிசை வண்டிகளை எல்லாம் மூடிக் கட்டிவைக்கச் செய்தார். இருப்பதைக் கொண்டு ஆகட்டும் என்றார். இருந்ததோ கூடாரத்துணி, சிரட்டை, அடுப்புக்கரி, காட்டுவிதை, எங்கள் பயம்.

முதலில் சேலை. படைத்தலைவர் தம் கூடாரத்தையே அவிழ்த்துக் கொடுத்தார். சாம்பல் நீரில் ஊறவைத்துத் துவைத்து, கடுக்காய் நீரில் தோய்த்து, பதங்கம் என்னும் சாயமரக் கட்டையைக் கொதிக்கவைத்த சாயத்தில் இட்டால் செவ்வானம் போல் சிவக்கும் என்று சமையற்காரன் பூதன் உறுதி கூறினான். வெளியே எடுத்தபோது மழைமேகம் போல் கறுத்திருந்தது. இரும்புக் கொப்பரையில் காய்ச்சியதே பிழை. கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பன்றி வேறு நிறம் வாராதாம். மணநாளில் கறுப்பா என்று அனைவரும் தலையில் கைவைத்தோம். இளவரசியார் மட்டும் தரையில் உருண்டு சிரித்தார். பிறகு செப்புக் கொப்பரை தேடினோம், படிகாரம் தேடினோம், இன்னொரு கூடாரம் தேடினோம். அனைவரும் அடியேனைப் பார்த்தனர். என் கூடாரம் இன்று நல்ல சிவப்புச் சேலையாக விளங்குகிறது. கறுத்துப்போன துணியைப் படைத்தலைவர் இடைக்கச்சையாகக் கட்டிக்கொண்டு, அதுதான் அழகென்று சாதிக்கிறார்.

அச்சேலைக்குக் கரையிட்டவரும் அவரே. வாள் பிடித்த அக்கைக்கு ஒரே ஒரு தையல்தான் தெரியும். போர்க்களத்தில் காயம் தைக்கும் தையல். அதையே வரிசையாக இட்டார். தொலைவிலிருந்து பார்த்தால் கொடி படர்ந்தது போல் இருக்கிறது. அருகில் வந்தால் யாரோ பிழைத்துக்கொண்டது போல் இருக்கிறது. பல்லக்குக்காரர் சிரட்டையை அறுத்து மணலில் தேய்த்து எண்ணெயிட்டு வளையாக்கினர். குன்றிமணியும் காட்டுவிதையும் கோத்து மாலையாக்கினர். செம்பருத்தி இலை கூந்தலுக்கு, பயற்றுமாவும் ஆவாரம்பூவும் மேனிக்கு, அரைத்த மருதாணி கைக்கு என்று அம்மியும் ஓயவில்லை, ஆளும் ஓயவில்லை. மருதாணி அரைத்தவர் கையும் சிவக்கும் என்பதை நம் வீரர்கள் அப்போதுதான் கற்றனர். காவல் மாறும்போது வேல் பிடித்த சிவந்த கைகளைக் கண்டு மலைநாட்டு ஒற்றர் என்ன எழுதினரோ, அறியேன்.

பூதன் கண்மை செய்தான். கரிசலாங்கண்ணிச் சாற்றில் துணியை நனைத்து நிழலில் உலர்த்தித் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்து, கவிழ்த்த கலத்தில் படிந்த கரியை நெய்யில் குழைத்தான். அடியேனுக்கோ எழுத்தாணி பிடிப்பதன்றி வேறொன்றும் தெரியாது. எனவே அரசர்க்கு எழுதவென்று பதப்படுத்தி வைத்திருந்த நல்ல ஓலைகளை நறுக்கி, சுருட்டி, மிச்சச் சாயத்தில் தோய்த்து, இளவரசியார் செவிக்குக் காதோலை செய்தேன். நல்ல ஓலைகள் போன இடம் அதுதான். என் வாழ்நாளில் எத்தனையோ ஓலைகளில் எத்தனையோ பொய்களை அழகாக எழுதியுள்ளேன். ஒன்றுமே எழுதாத அந்த இரு ஓலைகள்தாம் யாவற்றினும் சிறந்தவை.

நிறைமதி நாளில் இரண்டாம் கைகாணல் கூடிற்று. சேலையைத் தொட்டு "யார் கை?" என்றார் பேரரசியார். படைத்தலைவர் எழுந்து, ஊசி குத்திய விரல்களை நீட்டினார். பகைவர் பலரை நடுங்கவைத்த அக்கை ஓர் ஊசியிடம் தோற்றிருந்தது. துணி எங்கிருந்து வந்தது என்று பேரரசியார் கேட்க, கூடாரம் என்று உண்மை உரைத்தோம். பிறந்தகத்து வெயிலைத் தாங்கிய துணி பிறந்தகத்துத் துணியே என்று தீர்ப்பளித்தார். கண்மையைத் தொட்டபோது பூதன் எழுந்தான். அவன் சொல்லை மெருகிடாமல் வரைகிறேன்: "என் கைதாம்மா. பாதி மை பாப்பா கண்ணுல இருக்கு, மீதி என் மூஞ்சியில இருக்கு, பாத்துக்கங்க!" அவை கொல்லென்று சிரித்தது. காதோலையைத் தொட்டு அவர் கேட்டபோது அடியேனும் எழுந்து கையை நீட்டினேன். பேரரசியார் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பெருமாள் எனக்குப் பட்டங்கள் பல தந்திருக்கிறீர். அவற்றுள் ஒன்றும் அந்த ஒற்றலுக்கு ஈடாகாது.

யாவும் முடிந்தது என்று நாங்கள் மூச்சு விட்ட வேளையில், பேரரசியார் ஒன்று கேட்டார். இத்தனை கைகளில் தந்தையார் கை எது என்றார்.

அடியேன் தூதுவன் அல்லனோ? பொய் நாவிலேயே ஊறி நின்றது. அந்த மாலையின் நடுமணியைப் பெருமாளே கோத்து அனுப்பினார் என்று சொல்ல வாய் திறந்தேன். இளவரசியார் என்னை முந்திக்கொண்டார். தாயார் மறைந்த நாள்முதல் தந்தையார் தமக்குக் குறையொன்றும் வைத்ததில்லை என்றும், கேட்கும்முன் வாங்கித் தந்தார் என்றும், ஆனால் அவர் கையால் செய்த பொருள் ஒன்றும் தம்மிடம் இல்லை என்றும், அதற்காக அவர்மேல் தமக்கு வருத்தமில்லை என்றும் உரைத்தார். அந்தக் கடைசிச் சொல்லில் மட்டும் அவர் குரல் இடறிற்று. பெருமானே, முகம் படிப்பது என் தொழில் என்று முன்னரே கூறினேன்.

பேரரசியார் இம்முறை அழவில்லை. மங்கலச் சரட்டைத் தந்தையார் தம் கையால் முறுக்கி அனுப்பட்டும், அது வந்த நாளே மணநாள் என்றார். அது வரும்வரை எவ்வளவு நாளாயினும் தம் மகன் காத்திருப்பான் என்றார். திரைக்குப் பின்னிருந்து குன்றநாகனார் பெருமூச்செறிந்தது அவை முழுதும் கேட்டது.

செய்முறை வருமாறு. பருத்தி நூலிழைகளை ஒன்றுசேர்த்து, ஒரு முனையைக் கால்விரலில் பற்றி, மறுமுனையைத் தொடைமேல் வைத்து உள்ளங்கையால் ஒரே திசையில் உருட்ட வேண்டும். திசை மாறினால் முறுக்குப் பிரிந்துவிடும். அப்போது நூலை வைவதால் பயனில்லை, மீண்டும் தொடங்க வேண்டும். முறுக்கேறியபின் மஞ்சள் அரைத்துப் பூசி நிழலில் உலர்த்த வேண்டும். மஞ்சளும் பெருமாளே அரைத்தால் நன்று. அரண்மனை நெசவாளரை அழைக்க வேண்டா. பழகிய கையின் முறுக்கைப் பேரரசியார் தொட்டமாத்திரத்தில் அறிவார். அதனினும் விரைவாக இளவரசியார் அறிவார்.

ஓலை விடுக்கும்முன், தந்தையார்க்குச் சொல்லவேண்டியது உண்டோ என்று இளவரசியாரைக் கேட்டேன். சிரட்டை வளையை உருட்டிக்கொண்டே சொன்னார்: "அப்பாவுக்கு நேரா வராதுன்னு தெரியும். முடிச்சு விழுந்தா விழட்டும், அறுந்தா ஒட்டுப் போட்டு அனுப்பட்டும். அவர் ஒரு பொழுது வேற வேலை இல்லாம, என்னையே நினைச்சுக்கிட்டு உக்காந்திருக்கணும். எனக்கு அவ்வளவுதான் வேணும்."

இவ்வண்ணம் விண்ணப்பித்து, தூதுப்பொறியிட்ட அரக்கு இலச்சினையைப் பதித்தேன். வழக்கமாகக் கட்டளை பெருமாளிடமிருந்து வரும், அடியேன் தலைமேல் கொள்வேன். இம்முறை மணமகள் ஆணையைத் தாங்கி அடியேன் எழுதுகிறேன், பொறுத்தருள்க. இவ்வோலை கண்ட நாழிகையே அமைச்சர் வெளியே நிற்க, வாயில் அடைக்கப்படுக, போர் வந்தாலும் புறத்தே காத்திருக்க, பெருமாள் நூலெடுத்து அமர்க. மறுமொழி ஓலையாய் வர வேண்டா; சரடாய் வருக.